கம்பு சுழலும் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877இல். பின்னாளில் தோட்டங்கள் பெருகின. பால்வெட்ட வந்த தமிழர்களோடு சிலம்பமும் வந்தது. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பு, அப்புறம் பால்மரம். கம்பெடுக்க மிஞ்சியது மாலைப்பொழுதுதான். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்து, லயத்து வீடுகளை விட்டு ஈப்போவின் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கம்பையும் கூடவே எடுத்துப்போனார்கள்.

இங்கே கம்பென்றால் பெரும்பாலும் பிரம்பு. அது காட்டில் கிடைத்தது என்பதோடு வேறு நியாயமும் உண்டு. உள்ளே வெற்றான மூங்கில் பலத்த அடிபட்டால் நீளவாக்கில் பிளக்கும். உள்ளே கெட்டியான பிரம்போ வளைந்து நிமிரும்; பழையதானால் முனை நார்நாராக நையும்.

பிடிக்கும் இடத்தில்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. ஒரு பொருள் சுழலக் காட்டும் தயக்கத்தை இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். 160 சென்டிமீட்டர் கம்பை நடுவில் பிடித்தால் இந்தத் தயக்கம் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஓரத்தில் பிடித்தால் நான்கு பங்கு. முனையிலிருந்து கால்வாசி உள்ளே தள்ளிப் பிடித்தால் 1.75 பங்குதான், ஆனால் முன்முனை எட்டும் தூரம் 80 சென்டிமீட்டரிலிருந்து 120 ஆகிவிடுகிறது. அலங்கார வீச்சில் நடுவே இருக்கும் கை, சண்டை வீச்சில் பின்னே நகர்வது இந்த ஆதாயத்துக்காகத்தான்.

பிடியைப் போலவே, எடை எங்கே இருக்கிறது என்பதும் சுழற்சியை மாற்றும். அமெரிக்கக் கல்லூரி பேண்டு அணிகளுக்கு முன்னால் மாணவியர் சுழற்றும் பேட்டன் மெல்லிய உலோகத்தண்டு. இரு முனையிலும் ரப்பர் குமிழ்கள்; எடை ஓரங்களில் கூடியிருப்பதால் சுழற்சி எளிதில் குலையாது. இரண்டு மீட்டர் உயர எறிந்தால் கைக்குத் திரும்ப ஏறக்குறைய 1.3 விநாடி. விநாடிக்கு இரண்டு சுற்றென்றால் அதற்குள் இரண்டரைச் சுற்று முடிந்திருக்கும்.

அதே முனை எடை தீச்சிலம்பத்தில் சோதனையாகிறது. அரைக் கிலோ கம்பின் இரு முனைகளிலும் எண்ணெய்த் துணி நூறு நூறு கிராம் என்று கொள்வோம். எடை கூடியது 40 விழுக்காடு. நடுப்பிடியில் சுழலத் தயங்குவதோ இரண்டு மடங்குக்கும் மேல். நிறுத்தவும் திசை திருப்பவும் மணிக்கட்டு அவ்வளவுக்கு உழைக்க வேண்டும். வெறுங்கம்பில் ஊறிய கை நேரே நெருப்புக்குப் போகக் கூடாது. ஈரத்துணி கட்டி, தீயில்லாமல் அந்தக் கனத்தை முதலில் பழகட்டும்.

வீச்சின் சத்தத்துக்கும் கணக்குண்டு. விநாடிக்கு மூன்று சுற்றில், நடுவே பிடித்த 160 சென்டிமீட்டர் கம்பின் முனை மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னால் காற்று இடமும் வலமும் மாறிமாறிச் சுழித்துப் பிரிவதால் எழுவதே அந்த ‘விர்ர்’. வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். கம்பு தளர்வதைக் கண்ணுக்கு முன்னே காது சொல்லிவிடும்.

நெற்றி உயரமே கம்பின் நீளம் என்பது பழைய விதி. இன்றைய வகுப்புகள் இதை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரே தடிமனுள்ள கம்பில் நீளத்தைக் கால்வாசி குறைத்தால் எடை கால்வாசிதான் குறையும். சுழலும் தயக்கமோ பாதிக்கும் கீழே, 0.42 பங்காக இறங்கிவிடும். அண்ணனின் நீளக் கம்போடு திணறும் எட்டு வயதுத் தங்கையிடம் கை வரவில்லை என்று சொல்லுமுன், அவள் நெற்றி அளவுக்கு ஒரு பிரம்பை நறுக்கிக் கொடுங்கள்.