கண் நரம்பைக் காக்கும் வளர்ச்சி ஹார்மோன்: ஊசி போட்டால் பார்வை தப்புமா?

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியில் ஒரு இழை அறுந்தாலும் நெசவாளர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால், அதே கண்ணுக்குள் நரம்பு இழைகள் ஒவ்வொன்றாக அழிந்தால்? பல வருஷம் தெரியவே தெரியாது. அதுதான் கிளாக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய்.

திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு 2005-ல் வெளியானது. நோயின் பரவலான வகை 1.62 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட யாருக்குமே அதுவரை விஷயம் தெரியாது!

செல்கள் ஏன் சாகின்றன?

விழித்திரையின் கேங்க்லியான் செல் ஒவ்வொன்றும் மூளைக்கு ஒரு இழையை அனுப்புகிறது. ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம் இழைகள். பார்த்த செய்தி மேலே போகும். செல்லை உயிரோடு வைக்கும் ‘பிடிஎன்எஃப்’ போன்ற வளர்ச்சிப் புரதங்கள் மூளையிலிருந்து கீழே வரும். அழுத்தம் கூடினால், இழைகள் கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் நசுங்கி இந்தப் போக்குவரத்து தடைபடும். ஊட்டம் கிடைக்காத செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. போன செல் திரும்ப முளைக்காது.

ஹார்மோன் என்ன செய்யும்?

வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலில் முக்கியமாகக் கல்லீரலில் சுரப்பது ‘ஐஜிஎஃப்-1’. இது செல்லின் தற்கொலைத் திட்டத்தைத் தடுக்கிறது. பார்வை நரம்பு வெட்டப்பட்ட எலிகளின் கண்ணில் இதைச் செலுத்தியபோது, செல்களில் ஒரு பகுதி பிழைத்தது.

அப்போ ஊசி போட்டுக்கலாமா?

கூடாது. எலியில் பலித்தது மனிதருக்கு மருந்தாகிவிடவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஹார்மோன் அளவு மீறினால், விழித்திரையில் வேண்டாத ரத்தக் குழாய்கள் வளரவும் துணைபோகலாம். வேறொரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும் கண் உள்வைப்புக்கு 2025-ல் அமெரிக்கா அனுமதி தந்தது; ஆனால், அது மேக்டெல் எனும் வேறொரு விழித்திரை நோய்க்கு.

இன்றைக்குக் கையில் இருக்கும் வழி, சீக்கிரம் கண்டுபிடித்து அழுத்தத்தைக் குறைப்பதுதான். அழுத்தம் ‘நார்மல்’ என்றாலும் நரம்பு பாதிக்கப்படலாம். அதனால், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கண்ணாடி மாற்றப் போகும்போது, “பிரஷரோட நரம்பையும் பாருங்க டாக்டர்”னு கேளுங்க. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.