சரிவு வேறு, உயரம் வேறு

உயரமான இடத்துக்குச் செல்லும் பாதை கடுமையான ஏற்றமாகத்தான் இருக்கும் என்று பலர் எண்ணுவதுண்டு. நீலகிரி மலை ரயில் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்துவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் 1899-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து உதகமண்டலம் வரையில் 1908-ஆம் ஆண்டிலும் இப்பாதை திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரையில் தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் உள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. இல்லையேல் சக்கரம் வழுக்கிவிடும். குன்னூரைவிட உதகை சுமார் 500 மீட்டர் உயர்ந்தது. ஆயினும் குன்னூருக்கு மேலே பற்கள் வேண்டியிருக்கவில்லை. காரணம் என்ன?

கல்லாற்றுக்கு மேல், கடுமையான இடங்களில், சுமார் 12 அடி முன்னே சென்றால் பாதை 1 அடி உயர்கிறது. குன்னூருக்கு அப்பாலோ 1 அடி உயரச் சுமார் 23 அடியாவது செல்லவேண்டும். ஆகவே சரிவு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

அல்ஜீப்ராவில் நேர்கோட்டின் சரிவு என்பதும் இதுவே: உயர்ந்த அளவைக் குறுக்கே சென்ற அளவால் வகுத்து வரும் ஈவு. வரைபடத் தாளில் ஒரு புள்ளி குறுக்கே 3, உயரே 5; மற்றொன்று குறுக்கே 7, உயரே 13 என்று கொள்வோம். உயர வித்தியாசம் 8. குறுக்கு வித்தியாசம் 4. சரிவு 2. அக்கோட்டில் எந்த இரு புள்ளிகளை எடுத்தாலும் இந்த 2 மாறாது. மலைப்பாதையின் சரிவு இடத்துக்கிடம் மாறும். நேர்கோட்டின் சரிவு என்றும் ஒன்றே.

மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றை வகுப்பில் அடிக்கடி காண்கிறோம். 13-லிருந்து 5-ஐக் கழித்தவர்கள், 3-லிருந்து 7-ஐக் கழித்துவிடுவார்கள். விடை கழித்தல் 2 ஆகிவிடும். கழித்தற்குறி வந்தால் கோடு இறங்குகிறது என்று பொருள். மலையேறும் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதற்கு ஒப்பாகும் இது! எப்புள்ளியில் தொடங்கினாலும் சரியே. இரண்டு கழித்தலும் ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும்.

சமதரையின் சரிவு 0. நெட்டுக்குத்தான சுவரில் குறுக்கே செல்லும் தூரமே இல்லை. 0-ஆல் வகுக்க இயலாதாகையால் அதற்குச் சரிவு சொல்வதற்கில்லை.

இது ஏட்டுக் கணக்கு அன்று. சக்கர நாற்காலியில் வருவோருக்கான சாய்தளம் 12 அடிக்கு 1 அடிக்கு மேல் உயரலாகாது என்பது கட்டட விதி. 2 அடி உயரத் திண்ணைக்கு 24 அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று 6 அடியில் முடித்துவிட்டால் சாய்தளம் இருக்கும், ஏறத்தான் முடியாது. கட்டுகிறவர் ஒரு முறை வகுத்துப் பார்த்திருந்தால், ஒருவர் பிறர் கையை எதிர்பாராமல் உள்ளே வந்திருப்பார்.