மதிப்பூதியமும் விசாவும்

அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நம் பேராசிரியர் ஒருவரை மூன்று சொற்பொழிவுகளுக்கு அழைக்கிறது. விமானச் சீட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. கடிதத்தின் கடைசி வரியில் மதிப்பூதியமாக ஒரு சிறு தொகையும் குறிக்கப்பட்டுள்ளது. அழைப்பு வந்த மகிழ்ச்சியில் அவ்வரியைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. விசா அதிகாரிக்கோ அதுவே முதன்மையானது. பயணச் செலவை ஈடுசெய்வது வேறு. உழைப்புக்கு ஊதியம் தருவது வேறு. ஊதியம் பெறச் சட்டம் வெளிப்படையாக இடம் தந்திருந்தாலன்றி, பார்வையாளராகச் சென்றவர் அங்கே பணியாற்றியவர் ஆகிவிடுவார்.

பிரிட்டனை முதலில் நோக்குவோம். 2012இல் இத்தகைய பயணங்களுக்கென ஒரு மாத காலத் தனி வழி அங்கு ஏற்படுத்தப்பட்டது. 2024 ஜனவரி 31 முதல் அது தனி விசாவாக இல்லை. பொதுப் பார்வையாளர் விசாவுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இதனால் ஆறு மாதம் வரை தங்கலாம். ஆயினும் ஊதியம் பெறும் பணியை நாட்டினுள் நுழைந்த 30 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறக்கூடும். ஜூன் முதல் நாள் லண்டனில் இறங்குபவர் பத்தாம் நாள் சொற்பொழிவாற்றித் தொகை பெறலாம். அதன்பின் ஆகஸ்ட் வரை நூலகங்களில் தம் ஆய்வைத் தொடரவும் தடையில்லை. ஜூலை நடுவில் வேறொரு பல்கலைக்கழகம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு ஊதியத்துடன் அழைத்தால் அவர் மறுத்தே ஆகவேண்டும். காலம் கடந்துவிட்டது என்பது ஒரு காரணம். பணி பயணத்துக்கு முன்பே உறுதிசெய்யப்பட்டு விண்ணப்பத்தில் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

அழைப்பது உயர்கல்வி நிறுவனமாகவோ ஆய்வு, கலை அமைப்பாகவோ இருத்தல் வேண்டும். துறை வல்லுநர் சொற்பொழிவு நிகழ்த்தலாம், தேர்வாளராக அமரலாம். ஆசிரியர் பணியிடம் ஒன்றை நிரப்புதல் கூடாது. ஒரு பருவம் முழுவதும் வகுப்பெடுப்பதைத் 'தொடர் சொற்பொழிவு' என எழுதி வாங்கிக்கொள்ளலாம் என எண்ணுவோர் உண்டு. அதிகாரிகள் அத்துணை அப்பாவிகள் அல்லர். விண்ணப்பத்தில் ஏமாற்று எனக் கண்டால் பத்தாண்டுத் தடை வரை செல்லும். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இக்குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை. 2025 ஜனவரி 8 முதல் மின்னணுப் பயண அனுமதி மட்டும் பெற வேண்டும். ஆனால் ஊதியப் பணிக்கான வரம்புகள் அவர்களுக்கும் உரியவையே.

அமெரிக்காவின் கணக்கு வேறு. 1998இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பார்வையாளர் விசாவில் வருபவர் மதிப்பூதியம் பெற வழி செய்தது. கல்விசார் பணி ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாட்களுக்கு மிகக்கூடாது. முந்தைய ஆறு மாதங்களில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் பெற்றிருக்கவும் கூடாது. ஒன்பது நாள் என்பது முழுப் பயணத்துக்கும் உரிய எல்லையன்று, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உரியது. ஐந்து என எண்ணும்போது மதிப்பூதியம் தந்த இடங்களோடு, அத்தகைய பணிக்குச் செலவுத்தொகை மட்டும் தந்த இடங்களும் சேரும் என்பதை மறந்துவிடலாகாது.

தருபவர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது: உயர்கல்வி நிறுவனம், அதனுடன் இணைந்த இலாப நோக்கற்ற அமைப்பு, இலாப நோக்கற்ற அல்லது அரசு ஆய்வு நிறுவனம். வணிகப் பதிப்பகமோ ஊர்ச் சங்கமோ இப்பட்டியலில் இல்லை. பல்கலைக்கழக உரை முடிந்த மாலையில் நம்மவர் சங்கம் அன்புடன் நீட்டும் உறையை வாங்க மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது அனுமதியற்ற ஊதியம். அச்சங்கத்தில் ஊதியமின்றிப் பேசி, பயணச் செலவை மட்டும் பெற்றுக்கொள்வதில் குற்றமில்லை.

ஒன்பது நாட்களுக்கு மேற்பட்ட பணிக்கு ஜே-1 விசாவின் குறுகிய கால அறிஞர் பிரிவு உண்டு. அதன் எல்லை ஆறு மாதம். வரி தனி விவகாரம். இரு நாட்டு ஒப்பந்தம் விலக்களித்தாலன்றி, மதிப்பூதியத்தில் 30 விழுக்காடு பிடித்தம் செய்யப்படும்.

ஆகவே அழைப்பை ஏற்குமுன் பணியின் தன்மை, நாட்கள், தொகை, செலவுகளை ஏற்பவர் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த கடிதத்தைக் கேட்டுப் பெறுக. அதன் படியொன்று கைப்பையில் இருக்கட்டும். குடிவரவு அதிகாரி கேட்கும் நேரத்தில் பெட்டி வேறிடத்தில் இருக்கும்.