எரிநட்சத்திரம் இறக்கி வைத்த பாரம்

எங்கள் வீட்டில் 2023 டிசம்பரில் நடந்தது இது. என்னைப் போல வேண்டாத பாரத்தை மனசுக்குள் சுமக்கும் சகோதரிகள் இருந்தால் உதவுமே என்று எழுதுகிறேன்.

அப்போது ஏழாம் வகுப்பு படித்த என் மகள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக, "அம்மா, வர்ற வியாழக்கிழமை ராத்திரி எரிநட்சத்திரம் நிறைய விழுமாம். எத்தனை பார்த்தோம்னு எண்ணி எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க சயின்ஸ் மிஸ். மொட்டை மாடியில படுத்துக்கலாமா?" என்றாள். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், பேசாம போய்ப் படி!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை மிரண்டே போய்விட்டாள்.

காரணம் எனக்குத்தான் தெரியும். 1996-ல் எனக்குப் பத்து வயசு. கார்த்திகை மாசக் கடைசி. அப்பா மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கையாக இருந்தார். ராத்திரி வாசலில் நின்றிருந்த நான், வானத்தில் ஒரு நட்சத்திரம் சர்ரென்று இறங்குவதைப் பார்த்து, "ஐ, நட்சத்திரம் விழுது!" என்று கை நீட்டிக் கத்தினேன். அப்பாயி ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். "அதைப் பார்த்தா வெளியில சொல்லக் கூடாதுடி, பச்சை மரத்தைப் பாரு" என்றார். மறுநாள் விடிவதற்குள் அப்பா போய்விட்டார். "இவ கை காட்டினா, என் பிள்ளை போயிட்டான்" என்று அப்பாயி மாரடித்து அழுதார்.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் வந்த வார்த்தை. இப்போது புரிகிறது. பத்து வயசில் புரியுமா? கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் ராத்திரியில் நான் அண்ணாந்து பார்த்ததில்லை. என் கணவரிடம்கூட சொன்னதில்லை. அன்று மகள் சாப்பிடாமல் படுத்துக் கொண்டதைப் பார்த்துத்தான், அவரிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. "மூணு பேரும் சேர்ந்தே பார்ப்போம்" என்றார்.

டிசம்பர் 14-ந் தேதி ராத்திரி. அமாவாசை கழிந்து இரண்டு நாள்தான் என்பதால் நிலா சீக்கிரமே இறங்கிவிட்டது. மாடி விளக்கை அணைத்து, பாய் விரித்து, போர்வை போர்த்திப் படுத்தோம். நோட்டில் எழுதி வந்ததை மகள் சொன்னாள். விழுவது நட்சத்திரமே இல்லையாம். 1983-ல் கண்டுபிடித்த 'பேத்தான்' என்ற பெரிய பாறை சூரியனைச் சுற்றி வருகிறதாம். அது உதிர்த்த தூசியும் பொடிக் கல்லும் அதன் பாதை முழுக்கக் கிடக்கிறதாம். நம் பூமி வருஷா வருஷம் டிசம்பர் நடுவில் அதற்குள் புகுந்து போகும்போது, அந்தப் பொடிகள் நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் பாய்ந்து எரிகின்றனவாம். நம் புனர்பூச நட்சத்திரத்துப் பக்கமிருந்து வருவது போலத் தெரியுமாம்.

முதல் எரிநட்சத்திரம் கிழக்கே கோடு கிழித்தபோது கண்ணை இறுக மூடிக் கொண்டேன். மகள், "ஒண்ணு!" என்றாள். மேகம் வந்து வந்து போனது. நாலாவதோ ஐந்தாவதோ பச்சை வெளிச்சத்தோடு போனபோது, என்னையறியாமல் நானே கை நீட்டி, "அதோ!" என்றேன். இரண்டு மணி நேரத்தில் 43 எண்ணினோம்.

"வருஷா வருஷம் இதே நாள்லயா வரும்?" என்று கேட்டேன். "ஆமாம்மா, கார்த்திகை முடியறப்ப." எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் பார்த்ததும் இந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்கலாம். நான் கை காட்டியிருக்காவிட்டாலும் அது விழுந்திருக்கும். அப்பாவைக் கொண்டு போனது காமாலை. மாடியில் படுத்தபடியே அழுது தீர்த்தேன். பிள்ளை பயந்து போய் என் கையைப் பிடித்துக் கொண்டாள். காலையில் எல்லோரும் நல்லபடியாக எழுந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

இதைப் பார்க்க டெலஸ்கோப் எதுவும் வேண்டாம். டிசம்பர் 13, 14 தேதிகளில் இரவு பத்து மணிக்கு மேல், வெளிச்சம் இல்லாத இடத்தில் மல்லாந்து படுத்தால் போதும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை செல்போனைப் பார்க்காதீர்கள். பெரிய நிலா இருந்தால் குறைவாகத்தான் தெரியும். மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் வாசலே நல்லது. பனிக்குக் குழந்தைகளின் காதை மூடிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் கெட்டது நடந்தால், "இவ பார்த்தா, இவ சொன்னா" என்று குழந்தைகள் மேல் வார்த்தையை விட்டுவிடாதீர்கள். சொன்னவர்கள் மறந்து விடுவார்கள். நான் அதை 27 வருஷம் சுமந்தேன்.

- ஒரு வாசகி, தர்மபுரி மாவட்டம்.