உலோகத்தில் ஒரு மருந்து

தஞ்சையை அடுத்த எங்கள் ஊரில், ஒரு வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது, என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர் செய்தித்தாள் துணுக்கு ஒன்றை நீட்டினார். உலோகம் கலந்த புதிய சேர்மம் மூளைப் புற்றணுக்களை ஆய்வுக்கூடத்தில் அழித்தது என்பது செய்தி.

"ஹஜ்ரத், அத்தாவுக்குத் தலையில் கட்டி. அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். இம்மருந்து வரும்வரை பொறுக்கலாமா?" என்றார்.

நான் கலைப் பட்டதாரி, மருத்துவன் அல்லன். எனினும் கற்றவர்களிடம் கேட்டறிந்ததை வாசக அன்பர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

உலோகம் மருந்தாவது புதுமையன்று. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்னெட் ரோசன்பர்க், பாக்டீரியாக்களினூடே மின்சாரம் செலுத்திய ஆய்வை வெளியிட்டார். அவை பிளந்து பெருகாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதன்வழி அறியப்பட்ட சிஸ்பிளாட்டின், 13 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான் அங்கே மருந்தாக ஒப்புதல் பெற்றது. புற்றணுவின் மரபுப் பொருளைப் பற்றி, அது பெருகாமல் தடுப்பது அதன் வேலை. சிறுநீரகத்தையும் அது வருத்தும் என்பதால் வேறு உலோகங்களைத் தேடுகின்றனர்.

நம் காவிரிக் கரையிலும் அத்தேடல் உண்டு. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பழனியாண்டவரும் விலங்கியல் பேராசிரியர் அக்பர்ஷாவும் பங்குகொண்ட ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. செம்புச் சேர்மங்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றணுக்கள்மீது அதில் சோதித்தனர்.

இத்தகைய சோதனை நடப்பது எவ்வாறு? 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் புற்றணுக்களை வளர்த்து, குழிக்குக் குழி அளவை மாற்றிச் சேர்மத்தை இடுவர். பின்னர் மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பர். உயிருள்ள அணு அதனை ஊதாவாக்கும், இறந்தது ஆக்காது. அணுக்களில் பாதியை ஒழிக்க எவ்வளவு சேர்மம் தேவை என்று கணக்கிடுவர். நல்ல அணுக்கள் பிழைக்கின்றனவா என்பதையும் பார்ப்பர்.

ஆயினும் தட்டு வேறு, தலை வேறு. இரத்தத்தில் வரும் கண்ட பொருளையும் மூளைக்குள் விடாத காவல் ஒன்றை இறைவன் அமைத்திருக்கிறான். சிஸ்பிளாட்டினே அதனை எளிதில் கடப்பதில்லை. கல்லணை திறந்த அன்றே கடைமடை வயலில் நீர் பாய்வதுண்டா? இடையில் எத்தனை மதகுகள்! தட்டில் வென்ற சேர்மமும் விலங்குச் சோதனை, மனிதச் சோதனை எனப் பல மதகுகளைக் கடக்க வேண்டும். பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடுகின்றன.

செம்புக் குடத்து நீரும் பற்பமும் இச்சேர்மங்களுக்கு ஈடாகா என்பதையும் நினைவில் வையுங்கள்.

"தம்பி, கட்டி காத்திராது. மருத்துவர் குறித்த நாளைத் தள்ளாதீர்" என்றேன். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. நாளைய மருந்தைத் தேடுவோருக்குத் துஆச் செய்வோம். இன்று கையிலிருக்கும் மருந்தைக் கைவிடாதிருப்போம்.

குறித்த நாளிலேயே அறுவை முடிந்தது. அந்த அத்தாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.