சிறிதாக்கிய இரைப்பையும் சத்துக்களின் கணக்கும்

உடல் எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை எமது பகுதிப் பெண்களும் அறிந்த ஒன்றாகிவிட்டது. மெலிந்த கதையை எல்லோரும் ஆவலோடு கேட்கிறோம். அதற்குப் பிந்திய வருடங்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

பரவலாக நடைபெறுபவை இரண்டு வகை. ஒன்றில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி அகற்றப்படும். மற்றையதில் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பையொன்றை அமைத்துச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிய முறையின் வழிவந்தது இது. இதில் உணவு முன்சிறுகுடலைத் தொடாமலே போய்விடும். இரும்பும் கல்சியமும் நன்றாக உறிஞ்சப்படும் இடமோ அதுதான்.

விற்றமின் பி12இன் கதை வேறு. அது உறிஞ்சப்பட இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் தேவை. சத்திரசிகிச்சையால் அந்தச் சுரப்பு குறைந்தாலும் ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான பி12 இருப்பதால் உடனே எதுவும் தெரியாது. வாகரையில் வசிக்கும் என் சாச்சிக்கு நான்காம் வருடத்தில்தான் பாதங்கள் விறைக்கத் தொடங்கின. வாதம் என்று எண்ணெய் தேய்த்தார்கள். சத்திரசிகிச்சை முடிந்துபோன விடயம் என்று எண்ணி, வைத்தியரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. குருதிப் பரிசோதனைக்குப் பிறகே பி12 ஊசி ஆரம்பமானது. விறைப்பு குறைந்தது, ஆனால் முற்றாகப் போகவில்லை. நரம்பு நெடுநாள் பாதிக்கப்பட்டால் முழுமையாக மீளாமலும் போகலாம்.

தயமின் எனப்படும் பி1 இதற்கு நேர்மாறானது. உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே தாங்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் வாந்தி ஓயாவிட்டால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், மனம் குழம்பும். அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தீட்டிய அரிசியை மட்டுமே உண்டவர்களுக்கு முன்பு வந்த பெரிபெரியும் இதே குறைபாடுதான். அந்தப் பெயரே ‘முடியாது’ எனும் பொருளுள்ள சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

“வாவி மீனும் நண்டும் முருங்கையிலையும் இருக்க மாத்திரை எதற்கு?” என்று உம்மும்மா கேட்பார். நல்ல உணவுதான். ஆனால் உறிஞ்சும் இடம் குறைந்தவருக்கு அது மட்டும் போதாது. வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் வருடாந்தக் குருதிப் பரிசோதனையும் வேண்டும். இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் இரண்டு மணித்தியால இடைவெளி விட்டே எடுக்க வேண்டும். சாப்பிட்டவுடன் குடிக்கும் பிளேன்ரீயும் இரும்பைத் தடுக்கும். சில கெப்சியூல்களின் உறை ஜெலட்டினால் ஆனது என்பதால் அவற்றை விழுங்கத் தயங்கி, மருந்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மாத்திரை, ஊசி என்று வேறு வடிவங்களும் இருக்கின்றன, கேட்டால் மாற்றித் தருவார்கள். நோன்புக்கு முன்னரும் வைத்தியரோடு பேச வேண்டும், ஏனெனில் சிறிய இரைப்பையால் இரவில் தேவையான நீரை ஒரேயடியாகக் குடிக்க இயலாது.

மணமான பெண்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுமாறு வைத்தியர்கள் கூறுவார்கள். எடை வேகமாக இறங்கும் அந்தக் காலத்தில் தாய்க்கே சத்துப் போதாமல் இருக்கும்.