ஒரு சீட்டு, ஒரு கண்!

சிவகாசியில் வாக்கப்பட்ட அக்கா வீட்டில் தீபாவளிக்கு வெடிக்கா பஞ்சம்? வெடிக்காத லட்சுமி வெடியை அக்கா பையன் குனிந்து பார்த்தான். அது சரியாக அப்போது வெடித்து, சில்லு ஒன்று கண்ணில் அடித்தது.

டாக்டர் சீட்டில் எழுதியது 'ஹைஃபீமா'. பி.காம். படித்த நான் வாசித்தது 'அனீமியா'!

"ரத்தம் கம்மியாடா? அதான் சோணியா இருக்கான்!" என்று அக்கா முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். சொட்டு மருந்து போட்டாச்சே என்று பையன் தெருவில் ஓட்டம்.

மறுநாள் டாக்டர் திட்டிவிட்டுச் சொன்னார்: "கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழே, 'ஹைமா' என்றால் ரத்தம். அனீமியாவிலும் அதே ஹைமாதான். அங்கே ரத்தம் குறைவு. இங்கே, கருவிழிக்குப் பின்னால் இருக்கக் கூடாத இடத்தில் ரத்தம்!"

பிரிட்டிஷ்காரர் எழுதும்போது நடுவில் ஒரு 'ஏ' சேர்ப்பார், அமெரிக்கர் சேர்க்கமாட்டார். நோய் ஒன்றுதான். முதல் ஐந்து நாளில் மறுபடி கசியலாம். கண்ணில் அழுத்தம் கூடினால் பார்வைக்கே ஆபத்து. தலையை உயர்த்திப் படுக்கணும், கண்ணைக் கசக்கக் கூடாது, வலிக்கு ஆஸ்பிரின் கூடாது.

நல்லவேளை, ரத்தம் கரைந்து பார்வை தப்பியது. பயல் சொன்னான்: "மாமா, வெடியைத்தான் கிட்டப் போய்ப் பாக்கக்கூடாது. சீட்டைக் கிட்ட வச்சுப் படிக்கலாம்ல?"